நான் அவர் பேரைச் சொன்ன வெள்ளிக்கிழமை

“நீங்கள் அவருடைய மனைவிதான் என்பதை எங்களால் உறுதி செய்ய இயலவில்லை.”

1979 தை மாதம் கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தில் இப்படித்தான் இருந்தது. இங்கிலீஷில் அடித்த கடிதம். என் மகள் ராணி அதை இரண்டு தடவை மனசுக்குள் வாசித்துவிட்டுப் பிறகுதான் தமிழில் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அடுப்பில் உலை வைத்திருந்தேன். அதை இறக்கவும் தோன்றவில்லை, அரிசி போடவும் தோன்றவில்லை. தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றிப் போனது.

முருகனை நம்பி வாழ்கிற அக்கா தங்கச்சிகளே, அண்ணமாரே, நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. ஆனாலும் அந்த முருகன் எனக்குச் செய்ததை எழுதாமல் வைத்திருந்தால் நெஞ்சில் பாரமாக இருக்கிறது.

என் பெயர் பேச்சியம்மாள். என் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே மலேயாவுக்குப் போனவர். அங்கே அரசாங்கத்தில் ரயில் பாதை மேஸ்திரியாக இருந்தார். அந்த நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டார். எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1955-இல், அவர் ஊரான கொட்டாம்பட்டியில். பந்தல் போட்டு, சொந்தபந்தம் கூடி, தாலி கட்டினார். ரிஜிஸ்தர் ஆபீஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வருவார். மூன்று மாதம் இருப்பார். போய்விடுவார். 1974-இல் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஒரேயடியாக வந்து, கோச்சடையில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். நாலு வருடம்தான் சேர்ந்தாற்போல வாழ்ந்தோம். 1978 ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு காலையில், காப்பி கேட்டவர் நான் கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

அவரோடு பென்ஷனும் நின்றது. வெளிநாட்டில் இருக்கிற மனைவிக்கும் அந்த அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கும், ஆனால் நேரில் வந்து மனைவிதான் என்று காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். ராணி அப்போது டீச்சர் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு வேறு வழி கிடையாது. கார்த்திகையில் ரயிலேறி மெட்ராஸில் இருந்த அந்த நாட்டு ஆபீசுக்குப் போனோம்.

நான் சாதாரணமாகவே பயந்தாங்கொள்ளி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தபால்காரர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். அன்றைக்கு ராணியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன வயது அதிகாரி. மலேயாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் பேரு என்னா, அம்மா?”

“ராணி அப்பாங்க.”

“அவரு பேரு?”

“மலேயாவுல ரயில்ரோட்டு மேஸ்திரியா இருந்தாருங்க.”

“வேலையைக் கேக்கல அம்மா. பேரு.”

“இந்தா, இதுலயே போட்டிருக்குமேய்யா” என்று அவர் முன்னால் இருந்த பைலைக் காட்டினேன். அவர் பைலை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

சொல்லக் கூடாது என்று பிடிவாதம் இல்லை. வாய் வரவில்லை. கல்யாணமான மறுநாள் என் மாமியார் என்னை உட்கார வைத்து, புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொன்னார்கள். கடல் தாண்டி இருக்கிற மனுஷனுக்கு நான் இங்கேயிருந்து என்ன காவல் கொடுக்க முடியும்? சோறு போட முடியாது, காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்க முடியாது. பேரைச் சொல்லாமல் இருப்பது ஒன்றுதான் என்னால் முடிந்தது. அதை இருபத்து மூன்று வருடம் காப்பாற்றினேன். அழகர்கோவில் மலைக்கும் அதே பேர் என்பதால் அந்த மலையைக்கூட “அங்கிட்டு இருக்க மலை” என்றுதான் சொல்வேன். அவர் போன பிறகு இனி எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அதிகாரி மூன்று தடவை கேட்டார். பிறகு ஏதோ எழுதினார். அவர் எழுதியதுதான் தையில் கடிதமாக வந்தது. விசாரணையில் கணவர் பெயரைக் கூற இயலவில்லை, கல்யாணப் பதிவுச் சான்றும் இல்லை, ஆகவே உறுதி செய்ய இயலவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு என் கொழுந்தன் கருப்பையா கொட்டாம்பட்டியிலிருந்து வந்தார். கடிதத்தில் இருப்பதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏன் மதினி, செத்தவருக்கு இன்னும் எம்புட்டு ஆயுசு சேத்து வைக்கப் போறீக?”

கேலியாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணே கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, “காப்பி போடுங்க” என்றார்.

கடிதம் வந்து இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. பணம் போனால் போகட்டும், இட்லி சுட்டு விற்றாவது ராணியைப் படிக்க வைத்துவிடலாம் என்று ஒரு நேரம் தைரியம் வரும். ஆனால் ‘மனைவி இல்லை’ என்று ஒரு அரசாங்கம் எழுதிவிட்டதே. அப்படியென்றால் நான் அவருக்கு யார்? தெருவில் ரெண்டு பெண்கள் பேசிச் சிரித்தால்கூட, என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் மாறித் திருப்பரங்குன்றம் போனேன். ராணிக்குப் பரீட்சை, நான் தனியாகத்தான் போனேன். அங்கே முருகன் தெய்வானையோடு கல்யாணக் கோலத்தில் இருக்கிறான். அவன் முன்னால் நின்றதும் எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. சண்டைதான் போடத் தோன்றியது.

“அப்பனே, நீ கல்யாணம் முடிச்ச இடத்துல வந்து நிக்கிறேன். எனக்குக் கல்யாணமே ஆகலங்கிறாக. நீயாவது சாட்சி சொல்லப்பா.”

இவ்வளவுதான் என் பிரார்த்தனை. அதற்கு மேல் அழுகை.

அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள், “யார் பேருக்கும்மா?” என்று கேட்டார். எப்போதும் அந்த இடத்தில் ராணிதான் அவள் அப்பா பேரைச் சொல்வாள். நான் நட்சத்திரத்தை மட்டும் சொல்வேன். அன்று பக்கத்தில் ராணி இல்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது. என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. என் வாய் திறந்தது.

“சோலைமலை.”

“நட்சத்திரம்?”

“கார்த்திகை.”

“உங்களுக்கு என்ன வேணும்?”

“வீட்டுக்காரரு. போன ஐப்பசியில தவறிட்டாருங்க.”

குருக்கள் கை அப்படியே நின்றது. “காலமானவங்க பேருக்கு அர்ச்சனை கிடையாதேம்மா” என்றார்.

“தெரியும் சாமி. அவன் காதுல போட்டா போதும்.”

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். “சாமி பேருக்குப் பண்ணிடறேன். உங்க வீட்டுக்காரர் பேரு அவன் காதுல விழுந்தாச்சு. போயிட்டு வாங்க” என்று சொல்லிக் கை நிறைய விபூதி கொடுத்தார்.

இடி இடிக்கவில்லை. அசரீரி கேட்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தப் பேரை மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். கல்யாணப் பெண்ணுக்கு வருகிற வெட்கம் எனக்கு அந்த வயதில் வந்தது. பஸ் ஊருக்குள் நுழையும்போது திடீரென்று ஒரு நினைப்பு. கொட்டாம்பட்டி வீட்டில் கம்பியில் குத்தி வைத்த கடுதாசிகள். அந்த நினைப்பைக் கொடுத்தவன் அவன்தான். என் மூளைக்கு அதெல்லாம் எட்டாது.

மறுநாளே போனேன். அவர் எழுதிய கடுதாசி ஒன்றுகூட என் பேருக்கு வந்ததில்லை. எல்லாம் மாமனார் பேருக்குத்தான் வரும். அவர் வாசித்து, எங்களுக்கு எதைச் சொல்ல வேண்டுமோ அதை மட்டும் சொல்வார். கருப்பையா கம்பியைச் சுவரிலிருந்து இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொன்றாக உருவி வாசித்தார். கடுதாசிகளிலும் என் பேர் இல்லை. “ராணியம்மாவிடம் சொல்லவும்” என்றுதான் இருந்தது. எனக்கு மறுபடியும் நம்பிக்கை போய்விட்டது. அப்போதுதான் 1961-ஆம் வருடத்துக் கடுதாசி ஒன்று வந்தது.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் எங்களைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி அவர் எழுதியிருந்தார். கைக்குழந்தையோடு பஸ்ஸேறி மதுரை ஸ்டூடியோவுக்குப் போனேன். படம் எடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு காதில் தோடு இல்லை. பஸ்ஸில் எங்கேயோ திருகு கழன்று விழுந்திருக்கிறது. “ஒத்தக் காதோட படம் அனுப்புற, அவன் என்ன நெனப்பான்?” என்று மாமியார் பேசிய பேச்சை மறக்க முடியாது. அவரும் படத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அசிங்கமென்று தூக்கிப் போட்டிருப்பார் என்று பதினெட்டு வருடம் உள்ளுக்குள் புழுங்கினேன்.

கருப்பையா வாசித்தார்: “படம் கிடைத்தது. குடும்பப் பதிவுக்காக ஆபீசில் கொடுத்துவிட்டேன். குழந்தை அழுகிறது. ராணியம்மாவுக்கு ஒரு காதில் தோடு இல்லை. வரும்போது வாங்கி வருகிறேன், வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லவும்.”

யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தபோது சிவப்புக்கல் தோடு ஒரு ஜோடி கொண்டு வந்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பங்குனியில் அந்தக் கடுதாசியோடு மறுபடி மெட்ராஸ் போனேன். அதே அதிகாரி. அவர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“சோலைமலை! எங்க வீட்டுக்காரரு பேரு சோலைமலை!”

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அதிகாரி சிரித்துவிட்டார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா” என்றார். ஏன் சொல்லவில்லை என்று விவரம் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

“எங்க அம்மாவும் அப்பாவை ‘இவரு’ன்னுதான் சொல்வாங்க. எனக்குத் தோணாம போச்சு” என்றார்.

பேரை மட்டும் வைத்து இனி ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். கடுதாசியை நீட்டினேன். ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்தார். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்தில் பழைய பைல் இருந்தால் அந்தப் படத்தைத் தேடச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். “இருக்கும்னு உறுதி சொல்ல முடியாது, அம்மா” என்றார். “இருக்கும்யா” என்றேன். என் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததே அதிசயம். எதற்கெடுத்தாலும் ‘இருக்காது’ என்று சொல்லியே பழகினவள் நான்.

ஐந்து மாதம் காத்திருந்தோம். வெள்ளிதோறும் திருப்பரங்குன்றம் போனேன். கவலை வராமல் இல்லை, வந்தது. வரும்போதெல்லாம் அதை அவன் காதில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆவணி மாதம் தடித்த கவர் ஒன்று வந்தது. ராணிதான் பிரித்தாள். உதவித்தொகை அனுமதிக்கப்பட்டது என்று உத்தரவு. கூடவே அந்தப் படத்தின் நகல். இருபது சொச்சம் வயதில் நான், ஒரு காதில் தோடோடு, மறு காது மூளியாக, பயந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ராணி வாயைப் பிளந்து அழுகிறாள். தோடு மட்டும் தொலையாமல் இருந்திருந்தால் அந்தக் கடுதாசியில் அப்படி ஒரு வரி வந்திருக்காது. அந்தப் படத்தில் இருப்பது நான்தான் என்று காட்டவும் வழி இருந்திருக்காது.

“அம்மா, இன்னொண்ணு இருக்கு” என்றாள் ராணி. படத்தின் பின்பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்பியிருந்தார் அந்த அதிகாரி. நல்ல பிள்ளை. அதில் என் வீட்டுக்காரர் கையெழுத்து. தமிழில்.

‘என் மனைவி பேச்சியம்மாள். என் மகள் ராணி.’

வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. “இந்தா” என்பார், இல்லாவிட்டால் “ராணியம்மா” என்பார். அவர் எழுதிய அந்தப் பேரை நான் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். சாட்சி சொல் என்று முருகனிடம் கேட்டேன். அவன் எனக்காக என் புருஷனையே எழுப்பிச் சாட்சி சொல்ல வைத்துவிட்டான்.

இது நடந்து நாலு வருடமாகிறது. ராணி இப்போது டீச்சர். பர்மாவிலும் மலேயாவிலும் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் பென்ஷன் பாரம் நிரப்ப அவளைத் தேடி வருகிறார்கள். உள்ளே அனுப்புவதற்கு முன்னால் நான் அவர்களை உட்கார வைத்து, “முதல்ல பேரைச் சொல்லு தாயி” என்பேன். சிலர் சொல்வதற்குள் அழுதுவிடுவார்கள். அழட்டும் என்று விட்டுவிடுவேன்.

கதவை இன்றைக்கும் மூன்று தடவை இழுத்துத்தான் பார்க்கிறேன். அந்தக் குணம் போகாது போலிருக்கிறது. ஆனால் விளக்கேற்றும்போது அவர் பேரை வாய் திறந்து சொல்கிறேன். உங்களுக்கும் வாயில் வராத ஒரு துக்கம் இருக்கும். யாரிடமும் சொல்ல முடியாததாக இருக்கும். குன்றத்துக்கு ஒரு நடை வாருங்கள். சுற்றி வளைக்காமல், மறைக்காமல், அதன் பேரைச் சொல்லி அவன் காதில் போடுங்கள். போட்டுவிட்டுப் போய் உலையில் அரிசி போடுங்கள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.