செல்வி முதுகில் வைத்து எழுதிய பதில்

சங்கரன்கோவிலில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வியும் நானும் தினமும் காலையில் பள்ளி மைதானத்தில் நடப்போம். ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தைத்த ரவிக்கை அவளுக்குத் தொளதொளவென ஆனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண், எதற்காக உடற்பயிற்சி செய்கிறோம் என்று கேட்கும் கேள்வித்தாளை நீட்டினாள். எழுத அட்டை இல்லை. செல்வியின் முதுகிலேயே தாளை வைத்து, 'பிறரை முந்துவதற்காக' என்ற வரிக்கு நேரே 'இல்லவே இல்லை' என்று குறித்தேன்.

அடுத்த வாரம் அதே கேள்விகள் செல்போனில் வந்தன. வீட்டில் யாருமில்லை. அதே வரிக்கு 'முழுக்க உண்மை' என்று அழுத்தினேன்.

மறுநாள் அந்தப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, தாள்ல ஒண்ணு, போன்ல ஒண்ணு சொல்லியிருக்கியளே! எது சரி?"

அன்று செல்விக்குக் காய்ச்சல். சந்தோஷமாகத் தனியே போன நான், ஒரே சுற்றோடு அலுத்துத் திரும்பியிருந்தேன்.

"போன்ல சொன்னதுதாம்மா" என்றேன்.

பிறகு செல்வியைப் பார்க்கப் போனேன். போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஏட்டி, இன்னைக்கு எத்தன சுத்து நடந்தே? பொய் சொல்லாத."

"ஒண்ணுதான்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக் கண்ணாடியில் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.