ஜோர்தான் என்று ஒட்டிய கதிரை

பிள்ளைகளே, ஜோர்தான் ஆட்டம் பார்க்கப் போன உங்கள் அம்மா ஏன் பாதியிலேயே வீட்டுக்கு வந்தார் என்று நீங்கள் கேட்டபோது, தலையிடி என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். அது தலையிடி இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று அப்பா எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

கடந்த மார்கழி, வெள்ளம் வடிந்து நம் சித்தாண்டி ஊர் மெல்ல மூச்சு விட்ட நாட்கள். அரபு நாடுகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அந்த நாடுகளில் உழைத்து வந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். 'சவூதிக்காரன்', 'குவைத்காரன்' என்றுதானே ஆட்களையே கூப்பிடுகிறோம். அதனால் அங்கே யார் கோல் போட்டாலும் இங்கே சத்தம் கேட்கும். விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் மைதானத்தில் மழைக்குப் படங்கு கட்டி, பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வைத்தார்கள். முன் வரிசைக் கதிரைகளில் நாடுகளின் பெயரை ஒட்டினார்கள். எந்த நாட்டில் உழைத்தாரோ, அந்தக் கதிரை அவருக்கு. நல்ல யோசனை என்று நானும் சொன்னேன்.

ஒரு நாள் பின்னேரம் ஜோர்தானும் குவைத்தும் மோதின. ஜோர்தான் என்று ஒட்டிய கதிரை வெறுமையாகக் கிடந்தது. நம் பக்கத்தில் அந்த நாட்டுக்குப் போய் வந்தவர் அம்மா ஒருவர்தான். என்னோடு வந்தவர் சந்தோசமாகப் போய் அதில் இருந்தார்.

கழகச் செயலாளர் ஓடி வந்தார்.

"அக்கா, எழும்புங்க. இது வெளிநாட்டில நிண்ட ஆக்களுக்கு."

"நானும் நிண்டு வந்தவதானே தம்பி?"

"அதில்லக்கா. நீங்க வீட்டு வேலைக்கெல்லோ போனீங்க. இவங்க கொம்பனிக்குப் போன ஆக்கள்."

அதற்குள் குவைத் கதிரையில் இருந்தவன் பக்கத்து ஆளிடம், "கத்தாமாவுக்கும் கதிரை வேணுமாம் மச்சான்!" என்றான். அரபு வீடுகளில் வேலைக்காரியைச் சொல்லும் சொல் அது. முன் வரிசை முழுக்கச் சிரித்தது.

நான் முன் வரிசைக்குப் போனேன். "நீ அங்க மந்திரியாவா இருந்த? ஒட்டகம் மேய்ச்ச நீ. அவ மனிசப் பிள்ளையை வளத்தா. ஆர்ரா பெரிசு?" என்று கத்தினேன். ஒட்டகம் மேய்ப்பதும் உழைப்புத்தான், பிள்ளைகளே. ஆனால் ஆத்திரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"அண்ணன், சண்டை வேணாம்," என்றார் செயலாளர். "பொம்புளையள் பின்னால நிண்டு பாக்கட்டும். ஆரு வேணாமெண்ட?"

அம்மா எழும்பிவிட்டார். சேலையைச் சரிசெய்துகொண்டு பின்பக்கம் நடந்தபோதுதான் ஜோர்தான் கோல் போட்டது. ஒரே ஆரவாரம். அம்மா சட்டென்று திரும்பினார். எல்லோரும் எழும்பி நின்றதால் முதுகுகள்தான் தெரிந்தன.

"வாங்க, போவம்," என்றார்.

வழியெல்லாம் நான் ஏசிக்கொண்டே வந்தேன். நம் படலைக்குக் கிட்ட வந்தபிறகு அம்மா சொன்னார்: "அங்க வேல செஞ்ச வீட்டில பொடியனுகள் பந்து பாக்கக்குள்ள நான் குசினி வாசல்ல நிண்டு பாப்பன். நம்மட ஊரில ஒருக்கா இருந்து பாப்பம் எண்டு ஆசைப்பட்டன். வேறொண்டுமில்ல."

அரபுக்காரன் நம் பெண்களை எப்படி நடத்துகிறான் என்று மேடை போட்டுப் பேசுகிற ஊர் இது. அன்று அம்மாவை எழும்பி நிற்கச் சொன்னது எந்த அரபுக்காரன்? நம் ஆட்கள், பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து அம்மா கையால் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். அம்மா வெளிநாட்டில் என்ன வேலை செய்தார் என்று யாராவது கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். எனக்கு நீங்கள் செய்ய வேண்டியது அதுதான்.

மறுநாள் விடிய, ஒருவருக்கும் சொல்லாமல் மைதானத்துக்குப் போனேன். படங்குக்கு நட்டிருந்த கமுகங்கால்கள் நம் வளவில் வெட்டி நான் கொடுத்தவை. முடிச்சுகளை அவிழ்த்து, படங்கை மடித்துக் கழக வாசலில் வைத்தேன். கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தடுக்கி விழக்கூடாதென்று குழிகளை மண் போட்டு மிதித்து மூடிவிட்டு, கால்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.