கடல்தண்ணீர் கேன்

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து சேலத்துக்கு உப்பு லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். நாமக்கல்லுக்கு வெளியே, சேலம் ரோட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீட்டில் நான் இருந்தேன். பங்காளித் தகராறில் மாமனார் வீட்டோடு போக்குவரத்து நின்றுபோயிருந்தது. குழந்தை இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை அவர் வந்து ஒரு நாள் தங்கிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நானும் நாலு சுவரும்தான். பேசாமலே ஒரு வாரம் ஓடிவிடும். எட்டாம் நாள் பால்காரரிடம் வாய் திறந்தால் குரல் எனக்கே அந்நியமாக இருக்கும்.

ஒரு நடை வந்தபோது, கடற்கரையில் பொறுக்கியது என்று ஈரத்துண்டில் முடிந்து ஒரு கைப்பிடி கிளிஞ்சல் கொடுத்தார். சுண்டைக்காய் அளவில் வரிவரியாக இருந்தன. கழுவி அலமாரியில் அடுக்கலாமென்று தட்டில் கொட்டினேன். ஒன்று நகர்ந்தது. பிறகு இன்னொன்று. எல்லாம் உயிருள்ள நத்தைகள். வண்டியில் இருந்த உப்பையே கரைத்து ஒரு பேசினில் விட்டோம். அவர் கிளம்பிப்போன மூன்றாம் நாள் எல்லாம் செத்து நாறின. நத்தைக்காக அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். அழுதேன்.

அதைக் கேட்டுவிட்டு அடுத்த நடையில் ஒரு கேன் கடல்தண்ணீரும், அரைச் சாக்குக் கடல்மணலும், பதினாலு நத்தைகளும் கொண்டுவந்தார். சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் சொல்லிக் கண்ணாடித் தொட்டி செய்தோம். சேலத்தில் வண்ணமீன் விற்கிற கடையில் காற்று விடும் சின்ன மோட்டார் கிடைத்தது. இரண்டு தடவை வரி போட்ட குட்டி மீன்களும் பிடித்து வந்தார். இரண்டு தடவையும் அவை மறுநாளே மிதந்தன. நத்தைகள் மொய்த்து, முள் மட்டும் மிஞ்சும்படி சுத்தம் செய்துவிட்டன. செத்தது, அழுகினது, மிஞ்சினது எல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு. அதற்குப் பிறகு மீன் ஆசையை விட்டோம்.

பகலில் தொட்டியைப் பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். அத்தனையும் மணலுக்குள் புதைந்து கிடக்கும். ஒரு துணுக்குக் கருவாட்டைப் போட்டால் போதும். மணல் அங்கங்கே பிளந்து, தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை நீட்டிக்கொண்டு பதினாலும் எழுந்து வரும். என் வீட்டில் நான் கூப்பிட்டால் வருகிற உயிர் அவைதான். அதற்காகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டுத் தண்ணீரைக் கலக்கிவிடுவேன். அடுத்த காட்டில் வெள்ளாமை செய்கிற அம்மா வேலியோரம் நின்று, "ஊருல அவவ எருமை வளத்துறா, நீ நத்தை வளத்துறயா? பால் எத்தனை படி கறக்குதுங்கோ?" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கோபமே பேச்சுத்துணையாக இருக்கும்.

வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும். குறைந்த அளவுக்குக் கேனிலிருந்து கடல்தண்ணீரையே ஊற்றுவேன். கேன் தீரும்போது அவர் வருவார். வந்ததும் முதல் வேலையாக நிறைந்த கேனை இறக்கிவிட்டுக் காலிக் கேனை எடுத்து வண்டியில் கட்டிக்கொள்வார். அடுத்த நடை உண்டு என்பதற்கு எனக்கு அதுதான் கடுதாசி.

அடுத்த சித்திரையில் நத்தைகள் வருவது நின்றது. கருவாடு அப்படியே கிடந்தது. மணலைக் கிளறினால், ஓட்டுக்குள் சுருங்கிக் கிடந்தன. இரண்டு செத்திருந்தன. கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைப் பார்த்து, விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கசந்தது. கேன் தண்ணீரையும் தொட்டு வைத்துப் பார்த்தேன். அதில் பாதிக் கரிப்புக்கூட இல்லை. அடுப்பில் வற்றிய ரசம் உப்புக் கரிப்பது எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? வெயிலில் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அங்கேயே நிற்கிறது. நான் மேலும் மேலும் உப்பை ஊற்றிக் கொன்றிருக்கிறேன்.

பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரைத் தினம் ஒரு செம்பாக ஊற்றினேன். ஐந்தாம் நாள் கருவாட்டைப் போட்டதும் மணல் பிளந்தது. பன்னிரண்டும் வந்தன. எனக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல, அவர் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

வந்தவர் தோளில் இருந்து கேனை இறக்கக்கூட விடவில்லை. கண்டுபிடித்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "இனிமே நீங்க இதைச் செமந்துட்டு வர வேண்டாமுங்க. நல்ல தண்ணியே போதும்" என்றேன். கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேனை மெதுவாகத் தொட்டியோரம் இறக்கி வைத்தார். "செரி" என்றார்.

அந்தத் தடவை காலிக் கேனை எடுத்துப் போகவில்லை. அடுத்த மாதமே வடக்கே நாக்பூர், கல்கத்தா என்று ஓட ஆரம்பித்தார். உப்பு லோடு வண்டியைத் துரு தின்னும், எந்த டிரைவரும் விரும்பமாட்டார்கள், முதலாளி ரொம்ப நாளாக வடக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் வேறு டிரைவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு நாள், நாற்பது நாளாயிற்று. அறுபதும் ஆனதுண்டு. நத்தைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, இரண்டு வருஷத்தில் தொட்டியில் மணல் மட்டும் மிஞ்சியது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, ஆசிட்தானே குறைந்திருக்கிறது, தண்ணீரை ஏன் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆசிட் எங்க போகுது? தண்ணிதான் ஆவியாப் போகும். கிளீனரா இருக்கறப்பவே இதைத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்பாங்க."

எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் உறைத்தது. "அப்ப அந்தக் கேன் தண்ணிங்க?"

அவர் பேட்டரி மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். கடைசி மூடியையும் திருகிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீதானே சாமி வேண்டாம்னு சொன்ன."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தக் கேனில்தான் இத்தனை வருஷமாக மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தேன்.