“இருக்கட்டுங்க” என்றே போய்ச் சேர்ந்த யூசுப் பாய்

நான் சொல்லப்போகும் கதையை நீங்கள் யாரும் நம்பப்போவதில்லை. இதை அச்சிடப்போகும் நம் மில் நண்பர்கள் மலரின் மேல் வலக்கையை வைத்து உறுதி கூறுகிறேன்: ஒரு வரியையும் நம்ப வேண்டாம். முக்கியமாக, யூசுப் பாய் இறந்துவிட்டார் என்பதை நம்ப வேண்டாம். நானே இன்னும் நம்பவில்லை, உங்களுக்கு என்ன அவசரம்?

அவர் மகன் அப்பாஸ்தான் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்ததும் ஃபோன் செய்தான்.

“மாமா, அத்தா போயிட்டாருங்க.”

“எங்கடா போனாரு? என்கிட்டச் சொல்லாம எங்க போனாரு?”

நான் போட்ட சத்தத்தில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் அணைந்து, பாதிக் கோயம்புத்தூர் இருண்டது. அப்பாஸ் அழுதான். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம். மனிதர் மேல் வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பர்ச்சேஸ் செக்‌ஷனில் எனக்கு எதிர் மேசைக்காரர் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்றதும் நாமெல்லாம் நடைப்பயிற்சி என்ற பெயரில் பேக்கரிக்கு நடந்தோம். அவரோ கோட்டைமேட்டு வீட்டில் ஒரு வீடியோ கேம் பெட்டி கட்டப்போவதாக அறிவித்தார். திரை, ஆட்டக் கோல், பட்டன் எல்லாம் வைத்த ஆள் உயரப் பெட்டி. உள்ளே பழைய காலத்து ஆட்டங்கள்.

“செல்போன்ல ஆடறது பல்லுக் குத்தற மாதிரிங்க மாப்ளே. ஆட்டம்னா நின்னுக்கிட்டு ஆடோணும்” என்றார்.

புதிதாக எதையும் வாங்கக் கூடாது என்பது அவர் கட்டளை. மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு மானிட்டர் வந்தது. பேரன் தூக்கி எறிந்த உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் போர்டு உள்ளே போனது. பெட்டிக்கு மரம் வேண்டுமே? அவர் மனைவி சபியாக்கா ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அவருடைய சீர் பீரோவின் கதவு இடுப்போடு அறுபட்டிருந்தது.

“ஏனுங்க, அது எங்கூட்ல குடுத்த பீரோவுங்க!”

“பீரோ எங்கயும் போகலை சபியா. உத்தியோகந்தான் மாறியிருக்குது.”

திறப்பு விழாவுக்குக் கொடுமுடி முதல் ஆனைமலை வரை ஜனம் திரண்டது. பாய் ஒலிபெருக்கியை முடுக்கியதும் ஆனைமலையில் யானைகள் முழங்காலிட்டன. திரையில் எதிரிக் கப்பல்கள் இறங்கத் தொடங்கின. முதலில் யார் ஆடுவது?

“நீங்க ஆடுங்க மாப்ளே.”

“அட, உங்க பொட்டிங்க பாய். நீங்க ஆடுங்க.”

“விருந்தாளி இருக்கறப்ப நான் ஆடறதுங்களா?”

இந்த மரியாதை முடிவதற்குள் எதிரிகள் இறங்கி எங்கள் கப்பல்களைச் சாம்பலாக்கிவிட்டார்கள். உலகத்திலேயே உபசாரத்தால் தோற்ற ஒரே படை எங்களுடையது.

அடுத்த ஆட்டத்தில் கோலை இடப்பக்கம் சாய்த்தேன். கப்பல் வலப்பக்கம் ஓடியது. கோலை மேலே ஒரு பக்கம் சாய்த்தால், அதன் அடி பெட்டிக்குள்ளே எதிர்ப்பக்கத்து சுவிட்சைத்தான் தொடும். பாய் அதை மறந்து ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தார். சொன்னேன். ஒப்புக்கொள்வாரா?

“அவினாசி ரோட்டுல எல்லாரும் இடது இண்டிகேட்டர் போட்டுப்போட்டு வலதுலதானுங்க திரும்பறாங்க. நம்மூரு பொட்டி நம்மூரு மாதிரிதான் ஓடும்.”

கடைசிவரை மாற்றவில்லை. அப்படியே ஆடப் பழகினோம். அதன்பின் என் ஸ்கூட்டர் போன போக்கைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

இப்போது ஆத்திரத்துக்கு வருகிறேன். காப்பி வேண்டுமா என்றால் “இருக்கட்டுங்க” என்பார். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் மறுக்க வேண்டும். மறுபடி கேட்க வேண்டும். அப்புறம் கையில் திணிக்க வேண்டும். திணித்ததும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்பார். காப்பிக்குச் சரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் மேல் சாய்ந்தவரிடம், “ஆஸ்பத்திரிக்குப் போலாங்க பாய்” என்றபோதும் அதே “இருக்கட்டுங்க”. சபியாக்கா கெஞ்சினார். அப்பாஸ் ஃபோனில் மிரட்டினான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “வாயுவுங்க மாப்ளே, இருக்கட்டுங்க” என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்று ராத்திரியே போய்விட்டார். யாருக்கு ஐயா இந்த நாகரிகம்? எமனிடம்கூட இவர் “நீங்க மொதல்ல உக்காருங்க” என்று நாற்காலியைத்தான் நகர்த்தியிருப்பார்!

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக அப்பாஸ் வீட்டைக் காலி செய்தான்.

“மாமா, அத்தா பொட்டிய நீங்க எடுத்துக்கறீங்களா?”

எனக்கு அந்தப் பெட்டிதான் வேண்டும். அந்த வீட்டில் வேறு எதுவுமே வேண்டாம். ஆனால் வாய் என்ன சொன்னது? “இருக்கட்டும் கண்ணு.” மறுபடி கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. பாயாக இருந்தால் ஆட்டோவில் ஏற்றி என் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் கேட்டிருப்பார்.

மறுநாள் போனபோது மூலை வெறுமையாக இருந்தது.

“நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே மாமா. உக்கடத்துல பழைய சாமான் கடைக்குப் போட்டுட்டேனுங்க.”

உக்கடத்துக்குப் பறந்தேன். என் வேகத்தைப் பார்த்துப் பீளமேட்டில் இறங்கவிருந்த விமானம் வெட்கப்பட்டு மேலே திரும்பிப்போனது. ஆனாலும் தாமதம். பீரோ விறகாகிக் கிடந்தது. மானிட்டரும் போர்டும் விற்றுப்போயிருந்தன. கோலும் பட்டனும் பதித்த பலகை மட்டும் மின்விசிறிக் குவியலுக்கடியில் தெரிந்தது.

“அதுங்களா? ஒருத்தர் கேட்டுட்டுப் போயிருக்காருங்க” என்றார் கடைக்காரர். “உங்களுக்கு வேணுங்களா?”

நாக்கு நுனியில் அந்தப் பாழாய்ப்போன சொல் வந்து நின்றது. அதைக் கடித்துத் துப்பினேன்.

“வேணும்!”

‘ங்க’ இல்லை. வெளியாளிடம் இப்படிப் பேசியது என் ஆயுளில் முதல்முறை. சந்தையே திரும்பிப் பார்த்தது.

“ஏனுங்க இப்படிக் கத்தறீங்க? எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க” என்று பலகையை உருவிக் கையில் கொடுத்தார்.

திரையில்லாத அந்தப் பலகை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும், யாராவது கேட்டால் முதல் தடவையே ‘வேணும்’ என்று சொல்லிவிட வேண்டும் என்ற கோபமும்தான்.

யானைகள் முழங்காலிட்டது பொய். டிரான்ஸ்பார்மரும் விமானமும் பொய். கொடுமுடிக் கூட்டம் என்பது நானும் சபியாக்காவும். ஆனால் உக்கடத்தில் நடுச்சந்தையில் நின்று ‘வேணும்’ என்று கத்தியது மட்டும் நிஜம். பலகையைத்தான் கேட்கிறேன் என்று அந்தக் கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.