சிவக்க மறுத்த ஆலாத்தி

அக்காவின் கல்யாணம் முடிந்ததும் வருகிற திங்கட்கிழமை நான் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஓ.எல். பரீட்சை நன்றாகத்தான் பாஸ் பண்ணியிருந்தேன். ஆனால் கொழுந்து பறிக்க ரிசல்ட் ஷீட்டை யார் கேட்கிறார்கள்? இரத்தினபுரிக்குப் போய் மேற்கொண்டு ஏ.எல். வகுப்பில் சயன்ஸ் படிக்க வேண்டும் என்று நான் அழுததை, அக்காவைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று தெஹியோவிட்டவிலிருந்து மாப்பிள்ளையின் வேன் வந்து எங்கள் லயத்து வீட்டு வரிசையின் முனையில் நின்றது. மாப்பிள்ளைக்குச் சுற்ற ஆலாத்தித் தட்டில் மஞ்சள் கரைத்தாயிற்று. சுண்ணாம்பு சேர்த்தால்தானே சிவக்கும்? டப்பாவைத் திறந்தால் வழித்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்து வெற்றிலை போட்ட பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் தகரக் கூரையைப் பார்த்தார்கள்.

"வெள்ளையா இருக்கிற எதையாச்சும் போடுங்கடி" என்றாள் அத்தை. அவளே ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள். "திருஷ்டிக்கும் நல்லதுதானே!" மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. திருஷ்டிக்கு உப்பைவிடப் படிகாரம் பெரிது என்று வாசலில் கட்டியிருந்ததை அவிழ்த்து, ஒரு துண்டை நுணுக்கிப் போட்டாள். மஞ்சள் இன்னும் பளிச்சென்று ஆனது.

"என்னங்க சம்பந்தி, வாசல்லயே நிக்க வச்சிட்டீங்க?" வெளியே மாப்பிள்ளையின் அம்மா குரல் கொடுத்தாள். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உப்புன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சீங்களா அத்தை?"

சாப்பாட்டு உப்பு கரைந்தால் தண்ணீர் அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. படிகாரம் தண்ணீரை அமிலமாக்கிவிடும். அதில் மஞ்சள் ஜென்மத்துக்கும் சிவக்காது. சலவைச் சோடாவும் ஒரு வகை உப்புதான், ஆனால் அது தண்ணீரைக் காரமாக்கும். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தடவிய தாளை நனைத்து இதையெல்லாம் பார்த்திருக்கிறோம். அம்மா துணி ஊறவைக்கிற சோடா டின்னைத் தூக்கி வந்து ஒரு கரண்டி போட்டேன். நுரைத்தது. சிவக்கவில்லை.

"ஆமா, பெரிய டொக்டரு!" என்று அத்தை சிரித்தாள். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. முதல் கரண்டிச் சோடாவைப் படிகாரத்தின் அமிலம் தின்று தீர்த்திருக்கிறது. இன்னும் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். தட்டு முழுக்கக் குங்குமச் சிவப்பு.

ஆலாத்தி சுற்றி முடிந்ததும், "நல்ல செவப்புங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க சின்னவ செஞ்சதுங்க" என்றார் அப்பா. அத்தோடு நிறுத்தவில்லை. "சயன்ஸ் படிக்கிறா. இரத்தினபுரியில."

நான் தட்டைக் கீழே போடாதது ஆச்சரியம்தான். சபையில் பெருமைக்காக அடித்துவிடுகிறார் என்று நினைத்து, அன்றைக்கு மறுபடியும் அழுதேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் பேர் பதிய வரச்சொல்லி அம்மா என்னை எழுப்பினாள். அப்பா அதற்குள் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"அவ என்கூட இரத்தினபுரிக்கு வரட்டும்" என்றார். "நான் ஒருநாளும் பொய் சொன்னதில்ல. அன்னைக்கிச் சொன்னதையும் யாரும் பொய்யாக்கிடாதீங்க."