பூனைக்கு எத்தனை கழுத்து

வெள்ளைத்துரைக்கு மொக்கைச்சாமி தர வேண்டிய கடன் ஆயிரத்தைந்நூறு ரூபாய். பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் கை மிஷின் ஒன்று வாங்குவதற்காக, இருவரும் இளவட்டமாக இருந்த காலத்தில் வாங்கியது. வக்கில்லாமல் நின்றுபோன கடன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்று தடவை மொக்கைச்சாமி ரூபாயைக் கொண்டுபோய் நீட்டியும் வெள்ளைத்துரை வாங்கவில்லை.

“இருக்கட்டும்லே, பெறகு பாத்துக்கிடலாம்” என்பார்.

என்ன பெருந்தன்மை என்றது ஊர். அதன் சூட்சுமம் மொக்கைச்சாமிக்கு அல்லவா தெரியும்! வாங்கிவிட்டால் ரூபாய் செலவாகிப் போகும். வாங்காமல் விட்டால் ஆயுசுக்கும் பேசலாம். ஆமத்தூர் டீக்கடையில் யாராவது மொக்கைச்சாமியின் பேரை எடுத்தால் போதும், “அவனா? நம்ம ரூவாயில மொளச்ச ஆளுதான” என்று வெள்ளைத்துரை பெஞ்சைத் தட்டுவார்.

மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி, பசையில் வெந்த விரலோடு மேலே வந்தவர் மொக்கைச்சாமி. இன்றைக்குப் பன்னிரண்டு பெண்கள் அவர் பட்டறையில் குழாய் உருட்டுகிறார்கள். சிவகாசிக் கம்பெனி லாரி அவர் வாசலில் வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட மனுஷனை முளைக்க வைத்தது இன்னொருவன் ரூபாயாம்! போதாக்குறைக்கு, வெள்ளைத்துரையின் பட்டறையும் ஒரு சுவர் தள்ளித்தான். இவர் மொபெட் வாங்கிய மாசம் அவர் பைக் வாங்கினார். இவர் ஓட்டுக்கூரையைப் பிரித்துத் தளம் போட்டபோது அவர் மாடியே எடுத்துவிட்டார். மொக்கைச்சாமிக்கு வாய்த்த முன்னேற்றம் ஒன்றையாவது அந்த ஆள் நிம்மதியாக அனுபவிக்க விட்டதில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷ சீசனில் எலி வந்தது. குழாயை ஒட்டுவது மைதாப் பசை. எலிக்கு அது கல்யாணச் சாப்பாடு. கம்பெனி சூப்பர்வைசர் இராமகிருஷ்ணன் ஒரு குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, குழாய்க்கு ரெண்டு ஓட்டைதான் இருக்கணும். இதுல மூணுல்ல இருக்கு?” என்று பாதி லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய்கூடக் கடிபடவில்லை. அங்கே ரெண்டு பூனை இருந்தது.

விடுவாரா மொக்கைச்சாமி? அச்சங்குளத்துக்கே போய், பன்றிக்குட்டி மாதிரி ஒரு கடுவனும் சினையாக இருந்த ஒரு செவலைப் பெட்டையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். வெள்ளைத்துரையின் பூனைகள் பிராய்லர் கடைக் கோழிக் கழுத்தைப் பச்சையாகத் தின்கின்றன என்று கேள்விப்பட்டதும், “எம் பூனை ஈரல் திங்கும்லே!” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். தினமும் அரைக் கிலோ ஈரல். அதுவும் வாசலில் வைத்து, நாலு பேர் பார்க்க.

நாலாம் நாள் ரெண்டு பூனைக்கும் வயிறு கழன்றுகொண்டது. புதிதாக உருட்டிய குழாய்ச் சாக்குகளின் மேலேயே போய் வைத்தன. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஈரலை நிறுத்தி, அதே அளவுக்கு நெஞ்சுக்கறி போட்டார். வயிறு நின்றது. ஆனால் கடுவன் தின்று தின்று பெருத்து, சாக்கு மேல் மல்லாந்து கிடந்தது. எலி அதன் வாலைத் தாண்டிப் போயிற்று.

சுவருக்கு மேலே வெள்ளைத்துரையின் தலை தெரிந்தது. “ஏலே மொக்கை, ஒங் கடுவனுக்கு இது எத்தனையாவது மாசம்லே?”

அன்று சாயந்தரம் மொக்கைச்சாமி ஒரு பசை டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, சுவர் வழியாக எட்டிப் பார்த்தார். வெள்ளைத்துரை பூனை ஒன்றுக்கு மூன்று கழுத்து போட்டார், கூடக் கொஞ்சம் கறித்துண்டு. அவ்வளவுதான். தொழில் ரகசியமே கையில் கிடைத்த மாதிரி இறங்கிவந்தவர், மறுநாளிலிருந்து தன் பூனைகளுக்கும் அதே அளவைப் போட்டார். ஒரு துண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த வாரம் செவலை நாலு குட்டி போட்டது. மூன்று கழுத்தைத் தின்றுவிட்டுக் காலைக் காலைச் சுற்றிக் கத்தியது. மொக்கைச்சாமி மனசு இளகவில்லை. பக்கத்துப் பூனைக்குப் போதுமானது இதற்கு மட்டும் பத்தாதா?

ஒருநாள் காலையில் பட்டறையைத் திறக்க வந்தபோது, செவலை ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு சுவர்மேல் ஏறிக்கொண்டிருந்தது. அது கடைசிக் குட்டி. மற்ற மூன்றும் ஏற்கனவே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன.

வெள்ளைத்துரை டீக்கடைக்குப் போய்ச் சொல்லக்கூடப் பொறுமை இல்லாமல் சுவரிலிருந்தே கத்தினார். “ஏலே, ஒம் பூனையும் எங்கிட்டத்தாம்லே கடன்பட்டு வளருது! வட்டி வேண்டாம், போ!”

உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். மொக்கைச்சாமிக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி அய்யம்மாள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். “ஏங்க, பக்கத்து வீட்டு உலையைப் பாத்தா நம்ம வீட்டுல அரிசி போடுவாக? மூத்தவனுக்குப் பால் குடுக்கையில நான் ரெண்டு ஆளு சோறு திம்பேன். நீங்ககூடக் கேலி பண்ணுவீக. அது நாலு புள்ளை பெத்திருக்கு.”

“எனக்குத் தெரியாதாக்கும்? அதைத்தான் நானும் ரோசிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றார் மொக்கைச்சாமி.

அன்றைக்கே விருதுநகர் மாட்டாஸ்பத்திரிக்கு மொபெட்டை விட்டார். டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். வளர்ந்த பூனை என்றால், அதன் எடையில் கிலோவுக்கு முப்பது கிராம் பச்சைக்கறி என்று ஆரம்பிக்கலாம். எலும்பு வேண்டும், ஆனால் வெறும் கழுத்தாகப் போட்டால் மலம் கட்டிக்கொள்ளும், அதனால் கறிதான் கூடுதலாக இருக்க வேண்டும். ஈரல் ஒரு சின்னத் துண்டு போதும். வேகவைத்த எலும்பு மட்டும் ஆகவே ஆகாது. பால் கொடுக்கும் தாய்க்கு ரெண்டு மூன்று மடங்கு, அதையும் பிரித்துப் பிரித்து.

“அப்புறம் விலாவைத் தடவிப் பாருங்க. எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுக்குத் தக்கன கூட்டிக் குறைங்க.”

கடுவனைச் சாக்கில் போட்டுப் பசைமாவு நிறுக்கும் தராசில் தொங்கவிட்டார். சாக்கைக் கழித்து ஐந்து கிலோ. கணக்குப்படி நூற்றைம்பது கிராம் வரும். விலாவைத் தடவினால் மெத்தைதான் கைக்குப் பட்டது. “ஒனக்கு நூத்திருவதுதாம்லே” என்று தீர்ப்புச் சொன்னார். செவலையை எங்கே பிடித்து நிறுக்க? அதுதான் அந்தப் பக்கம் குடியேறிவிட்டதே. மூன்று கிலோ இருக்கும் என்று கண்ணாலேயே மதித்தார். தொண்ணூறு, மூன்று மடங்கு, இருநூற்றெழுபது.

அதை நாலு பங்காக்கி, வேளாவேளைக்குச் சுவரின் இந்தப் பக்கத்தில் வைத்தார். செவலை வந்தது, தின்றது, வாயை நக்கிக்கொண்டு திரும்பிப் போயிற்று. நம் வீட்டில் தின்றுவிட்டு அவன் வீட்டில் படுக்கிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் கறி வைக்கிற கை நிற்கவில்லை. ஒரு வாரம் போல ஆனதும், செவலை குட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு இந்தப் பக்கம் குதித்தது. அன்று மத்தியானத்துக்குள் நாலும் வந்து சேர்ந்தன. மொக்கைச்சாமி பெண்களைப் பார்த்து, “எண்ணிக்கோங்க தாயி, நாலு!” என்றார்.

கடுவனுக்கு விலா தட்டுப்பட ஆரம்பித்ததும் அதற்கு எலியும் கண்ணுக்குப் பட ஆரம்பித்தது. தீபாவளி லோடு ஒரு கடி இல்லாமல் போயிற்று.

வெள்ளைத்துரைக்கு நேரம் சரியில்லை. லாரியைப் பின்பக்கமாக எடுக்கும்போது ஒரு பூனை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. இன்னொன்று எங்கேயோ போய்விட்டது. இங்கிருந்து விரட்டப்பட்ட எலியெல்லாம் அங்கே குடும்பத்தோடு குடியேறிவிட்டன. ஒருநாள் இராமகிருஷ்ணன் அந்த வாசலில் நின்று குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்ததை, மொக்கைச்சாமி டின்மேல் ஏறிக் கண்குளிரப் பார்த்தார்.

மறுநாள் வெள்ளைத்துரை வாசலுக்கே வந்துவிட்டார். “ஏலே மொக்கை, வளந்துருச்சுல்ல, அதுல ஒரு குட்டி குடேன்.”

“தாரேன். எம்புட்டுத் தீனி போடணும்னும் சொல்லித் தாரேன். ஒன் மூணு கழுத்துக் கணக்கெல்லாம் குட்டிக்கு ஆகாது. மொதல்ல கையை நீட்டு.”

வெள்ளைத்துரைக்குப் புரிந்துவிட்டது. “அதென்னத்துக்குலே இப்போ? இருக்கட்டும், பெறகு...”

“கடன்காரன் வீட்டுப் பூனை ஒனக்கு எதுக்கு துரை? வேற எடம் பாரு.”

உள்ளே மிஷின்கள் நின்றுவிட்டன. பன்னிரண்டு பெண்களும் வாசலையே பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் லோடு காத்திருந்தது. வெள்ளைத்துரை மெல்லக் கையை நீட்டினார், பாதி மூடினாற்போல.

“நல்லா விரி.”

விரித்தார். அய்யம்மாள் கொண்டுவந்து கொடுத்த நூறு ரூபாய்த் தாள்களை, ஒவ்வொன்றாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எண்ணி வைத்தார் மொக்கைச்சாமி. பதினொன்று வைக்கும்போது காலடியில் பார்த்தார். செவலையின் குட்டி ஒன்று அதற்குள் வெள்ளைத்துரையின் காலை உரசிக்கொண்டு, பிறந்ததிலிருந்து பழகியது மாதிரி முனகிக்கொண்டிருந்தது. இவர் காலை ஒருநாள் உரசியிருக்குமா அது? எண்ணிக்கை தப்பிவிட்டது.

“கையை மூடாத” என்று சொல்லி, தாள்களை மொத்தமாக எடுத்து, “ஒண்ணு” என்று அந்த உள்ளங்கையில் மறுபடியும் முதலிலிருந்து எண்ணி வைக்க ஆரம்பித்தார்.