சர்வரில் சுழன்ற பெயர்

ஓயாமல் இயங்குகிற ஒன்று உண்மையில் வேலைதான் செய்கிறதா? கீழ்க்கட்டளை ஊர்க்காரரான நஃபீசாவின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழும்.

1998-ல் மேற்குத் தாம்பரத்தில், சுப்பராயலுவின் மொத்த மருந்துக் கடையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் அவர். கண்ணாடி அறைக்குள் ஒரு சர்வர். மருந்துகளின் இருப்பு முழுவதும் அதன் தரவுத்தளத்தில் இருந்தது. பில் போடும் கணினிகள் ஒவ்வொரு மருந்துக்கும் அதைத்தான் கேட்க வேண்டும். ஆயுத பூஜைக்குப் பிறகு பதில் வரத் தாமதமானது. வாங்க வந்தவர்கள் நின்று சலித்து வேறு கடைக்குப் போனார்கள்.

“பொங்கலுக்குள்ள சரியாகலேன்னா பழையபடி கையாலயே பில் போட்டுக்கலாம்மா. கம்ப்யூட்டர் செக்‌ஷனே வேணாம்,” என்றார் சுப்பராயலு. அதற்குமேல் தனக்கு அங்கே வேலை இல்லை என்பது நஃபீசாவுக்குப் புரிந்தது.

விசித்திரம் என்னவென்றால், நஃபீசா சர்வர் முன் போய் உட்கார்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். பில் போடும் சிட்டிபாபு அதைக் கைராசி என்றே முடிவுகட்டியிருந்தார்.

“அக்கா, மறுபடி மக்கர் பண்ணுது. உள்ள போய் ஒரு தபா தொட்டுட்டு வாங்க.”

“நான் என்ன மந்திரிக்கிறவளா?”

“மந்திரிச்சாலும் பரவால்ல. இங்க கஸ்டமர் என்னை அடிக்க வந்துகினு கீறாரு!”

அருகே போனால் மறைகிற நோயை எட்ட இருந்துதான் பார்க்க வேண்டும் என்று நஃபீசாவுக்குத் தோன்றியது. சர்வரின் பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் கோட்டைத் தன் மேசைக் கணினியிலேயே திறந்து வைத்தார். அறையில் ஆள் இருக்கையில் கோடு தாழ்வாக ஓடியது. ஆள் வெளியேறிச் சற்று நேரத்தில் உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றது. நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தார். சர்வரின் திரையில் பொன்னிற எழுத்துகளில் ‘ஓம் முருகா’ சுழன்றுகொண்டிருந்தது.

ஆயுத பூஜையன்று முதலாளி ஆசைப்பட, சிட்டிபாபு போட்டுவிட்ட ஸ்கிரீன் சேவர் அது. யாரும் தொடாமல் விட்டால் தானே ஓடும், மவுஸை அசைத்தால் மறைந்துவிடும். அந்த எழுத்துகளை ஓயாமல் வரைந்து திருப்புவதிலேயே பிராசஸர் மூழ்கிக் கிடந்தது. பில்லுக்கான கேள்விகள் வரிசையில் காத்துக்கிடந்தன.

அதைச் சொல்வது எளிதல்ல. சொல்கிறவர் நஃபீசா, நிறுத்த வேண்டியது முருகன் பெயர். ஆனாலும் போய்ச் சொன்னார்.

“சாமி பேரை எடுக்கச் சொல்றியாம்மா?”

“பேர் இருக்கட்டும் சார். சுத்தாம இருக்கட்டும்.”

சுப்பராயலு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மலை மேல அவரே அசையாமத்தான் நிக்கிறாரு,” என்றார் கடைசியில்.

“அப்போ கைராசி இல்லியா?” என்று சிட்டிபாபுதான் வருத்தப்பட்டார்.

பெயர் அசையாத படமாயிற்று. பில்கள் தடையின்றி வந்தன. பொங்கலும் வந்து போனது. “சர்வர் பாதி நேரம் சும்மாதானே இருக்கு? நம்ம கிளைக் கடைங்களோட கணக்கையும் அதுலயே ஏத்திடேன்,” என்றார் முதலாளி.

“சாயங்காலம் கடையில கூட்டம் ஏறும்போது அந்தப் பாதி வேணும் சார்.”

நஃபீசாவை மேதை என்று சொல்ல மாட்டேன். காரணம் தெரியும்வரை பொறுத்தார், தெரிந்ததும் மறைக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் அதை நான் அதிகம் கண்டதில்லை.

அடுத்த ஆண்டு எல்லாக் கிளைகளுக்கும் அவரையே பொறுப்பாக்கினார்கள். ஒரு நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டார்: புதன்கிழமை பிற்பகல் தனக்கு எந்த வேலையும் தரக்கூடாது. அந்த நேரங்களில் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கப் பார்த்தவர்கள் உண்டு. ஏனென்று சுப்பராயலு கேட்டார். சிட்டிபாபு கேட்காத வாரமில்லை. நஃபீசா சிரித்தாரே தவிர, சொல்லவில்லை.